லயத்திலிருந்து தாமானுக்கு

இரண்டு மொழிகளில் வாழும் குடும்பம் ஊர் மாறும்போது, எந்த வட்டாரத்தில் வீடு பார்ப்பது என்ற கேள்வி பெரும்பாலும் வாடகை, வேலையிடத்தின் தூரம், அறைகளின் எண்ணிக்கை என்ற மூன்றோடு முடிந்துவிடுகிறது. பிள்ளைகள் தமிழ் பேசுவதும் படிப்பதும் பெற்றோரின் மன உறுதியைப் பொறுத்தது, அதை எந்தத் தெருவில் குடியிருந்தும் செய்துகொள்ளலாம் என்ற எண்ணம் நம்மிடம் ஆழமாக இருக்கிறது. மலேசியாவின் கோல சிலாங்கூரிலும் அதை ஒட்டிய வடசிலாங்கூர்த் தோட்டங்களிலும் நூறாண்டுக்கு மேலாக நடந்த குடியேற்றங்களையும் வெளியேற்றங்களையும் வரிசையாக வைத்துப் பார்த்தால் இந்த எண்ணம் நிற்கவில்லை. அங்கே தமிழ் தழைத்ததற்கும் தேய்ந்ததற்கும் தனிமனித உறுதியில் காரணம் தேட முடியாது. வீட்டுக்கும் பள்ளிக்கும் இடையே ஒரு பிள்ளை நடக்க வேண்டிய தூரம், பக்கத்து வாசலில் யார் இருந்தார்கள், அந்த வீட்டில் எத்தனை காலம் இருக்க முடிந்தது ஆகிய மூன்றும் சேர்ந்துதான் அதைத் தீர்மானித்தன. குடியிருக்கும் இடத்தைத் தேர்வு செய்யும்போதே பிள்ளைகளின் மொழியையும் தேர்வு செய்துவிடுகிறோம் என்பதே என் வாதம்.

தொடக்கத்தில் அந்தத் தேர்வு குடும்பத்தின் கையில் இல்லை. 1905இல் மலாயா வந்த பிரெஞ்சுக்காரர் ஹென்றி ஃபோக்கோனியே சிலாங்கூர் ஆற்றை ஒட்டிய ரந்தாவ் பாஞ்சாங்கில் ரப்பர் பயிரிட்டார். 1917இல் பத்தாங் பெர்ஜுந்தைக்கு அருகே தென்னமரம் தோட்டத்தில் நாட்டின் முதல் வணிகச் செம்பனை நடவு அவருடைய முயற்சியால் நடந்தது. இஜோக், புக்கிட் ரோத்தான், ஜெராம் என்று கடலோரச் சமவெளி வரைக்கும் தோட்டங்கள் விரிந்தன. அவற்றுக்கு ஆள் சேர்த்தவர் கங்காணி. அவர் தன் ஊரிலும் சுற்றுவட்டாரத்திலும் உறவுக்காரர்களையும் தெரிந்தவர்களையும் அழைத்து வந்தார். 1907இல் தொடங்கப்பட்ட தமிழர் குடிபெயர்வு நிதி கப்பல் செலவை ஏற்றது. 1938இல் இந்திய அரசு உதவிபெற்ற குடிபெயர்வைத் தடை செய்யும்வரை இந்த ஓட்டம் நின்று நின்று தொடர்ந்தது. வந்தவர்கள் யாருக்குப் பக்கத்தில் குடியிருப்பது என்பதைக் கங்காணியும் தோட்டக் கணக்கரான கிராணியும் தீர்மானித்தார்கள். இதில் சுதந்திரம் கொஞ்சமும் இல்லை. ஆனால் விளைவு என்ற அளவில் ஒன்று நடந்தது: கடல் தாண்டிய ஒரு குடும்பம், தன் பேச்சைப் புரிந்துகொள்ளும் ஐம்பது குடும்பங்களோடு ஒரே வரிசையில் இறங்கியது.

லயத்தின் அமைப்பைக் கவனிக்க வேண்டும். நீண்ட கூரையின் கீழ் அடுத்தடுத்த அறைகள், பொதுக் குழாய், குழந்தைகளை விட்டுச் செல்லும் ஆயாக் கொட்டகை, காளியம்மன் அல்லது முனியாண்டி கோயில், கள்ளுக்கடை, காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களம், இவற்றுக்கு நடுவில் எங்கோ ஒரு பள்ளிக்கூடம். 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், ஏழு முதல் பதினான்கு வயதுக்குட்பட்ட பத்துப் பிள்ளைகள் தோட்டத்தில் இருந்தால் முதலாளி பள்ளி நடத்த வேண்டும் என்றது. பல தோட்டங்களில் அந்தப் பள்ளி பெயருக்குத்தான் இருந்தது. கிராணியோ எழுதப் படிக்கத் தெரிந்த தொழிலாளியோ ஆசிரியராக நின்றார். சில வகுப்புகளோடு படிப்பு முடிந்தது. பாடநூல்கள் தமிழ்நாட்டிலிருந்து வந்தன. காலையில் களைபிடுங்கப் போன பிள்ளை பிற்பகலில் வகுப்பில் உறங்கியது. அந்தக் கல்வியின் தரத்தைப் புகழ எந்த நியாயமும் இல்லை. என்றாலும் அது லயத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் இருந்தது. அதற்கு வண்டிச் செலவு இல்லை. தாய் பால்மரம் சீவப் போன பிறகும் பிள்ளை தானே நடந்து போக முடிந்தது. தரம் தராததை அருகாமை தந்தது: எழுத்தறிவில்லாத பெற்றோரின் பிள்ளைகள் தமிழ் எழுத்தைக் கற்றார்கள்.

அருகாமையின் வலிமைக்கு லயத்துக்குள்ளேயே இன்னொரு சான்று உண்டு, அது நமக்குப் பெருமை தரும் சான்று மட்டுமல்ல. தோட்டங்களுக்கு வந்தவர்களில் தெலுங்கர்களும் மலையாளிகளும் இருந்தார்கள். தெலுங்கர்கள் திரளாகக் குடியேறிய பேராவின் சில பகுதிகளில் தெலுங்குப் பள்ளிகள் நடந்தன, மொழியும் நீண்ட காலம் நின்றது. தமிழர் பெரும்பான்மையாக இருந்த தோட்டங்களிலோ தெலுங்குக் குடும்பங்களின் பிள்ளைகள் தமிழ்ப் பள்ளிக்குப் போனார்கள், தமிழில் விளையாடினார்கள். இரண்டாம், மூன்றாம் தலைமுறையில் தெலுங்கு பாட்டியோடு பேசும் மொழியாகச் சுருங்கியது. அந்தப் பெற்றோர் தங்கள் மொழியைக் குறைவாக நேசித்தார்கள் என்று யாரும் சொல்ல முடியாது. பக்கத்து அறைகளில் தமிழ் இருந்தது, பள்ளியில் தமிழ் இருந்தது, அவ்வளவுதான். பிறகு தாமான்கள் எனப்படும் வீடமைப்புப் பகுதிகளில் தமிழுக்கு நேர்ந்ததைப் புரிந்துகொள்ள விரும்புகிறவர்கள், அதற்கு முன் லயங்களில் தெலுங்குக்கு நேர்ந்ததை முதலில் பார்க்க வேண்டும்.

தொழிலாளர்களும் இதை உணர்ந்தே இருந்தார்கள். 1941இல் கிள்ளான் வட்டாரத்தில் தொடங்கி சிலாங்கூரின் மற்ற மாவட்டங்களுக்கும் பரவிய வேலைநிறுத்தம் கூலி உயர்வுக்கான போராட்டமாக நினைவுகூரப்படுகிறது. போராட்டத்தை வழிநடத்திய ஆர். எச். நாதனும் கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கமும் முன்வைத்த கோரிக்கைகளில் கூலி முதலில் இருந்தது உண்மை. அதோடு பிள்ளைகளுக்கு முறையான கல்வி, உறவினரும் நண்பரும் தடையின்றித் தோட்டத்துக்குள் வந்துபோகும் உரிமை, துரையின் முன்னால் சைக்கிளிலிருந்து இறங்காமல் போகும் உரிமை ஆகியவையும் இருந்தன. நாதன் கைதாகி நாடு கடத்தப்பட்டார். மே மாதம் சிலாங்கூரில் அவசரநிலை பிறப்பிக்கப்பட்டு இராணுவம் இறக்கப்பட்டது. தொழிலாளர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அந்தக் கோரிக்கைப் பட்டியலை மறுபடி படித்தால் அது ஒரு நல்ல குடியிருப்பின் வரையறையாகவே தெரிகிறது: பள்ளி வேண்டும், சொந்தபந்தம் வாசலுக்கு வரவேண்டும், தெருவில் தலைநிமிர்ந்து நடக்க வேண்டும். ஊர் மாறும் எந்தக் குடும்பமும் இன்றும் கேட்க வேண்டியவை இவைதான்.

லயத்தின் பெரும் குறை அங்கே யாருக்கும் நிலைத்த உரிமை கிடையாது என்பது. வீடு வேலையோடு கட்டப்பட்டிருந்தது. தொழிலாளர் பதிவேடான செக்ரோலில் பெயர் இருக்கும்வரை கூரை. ஓய்வு பெற்றதும், மகனோ மருமகளோ அதே தோட்டத்தில் வேலைக்குச் சேராவிட்டால், மூட்டை கட்ட வேண்டும். கம்யூனிஸ்டுக் கிளர்ச்சியை ஒடுக்க 1948இல் தொடங்கிய அவசரகாலத்தில் சிதறிக் கிடந்த லயங்கள் வேலிக்குள் ஒன்றுகூட்டப்பட்டன. 1950களில் ஐரோப்பிய முதலாளிகள் பெருந்தோட்டங்களைத் துண்டுபோட்டு விற்றபோது குடும்பங்கள் மறுபடி அலைந்தன. அந்தத் துண்டாடலுக்கு எதிராகத்தான் அரசியல் தலைவர் துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தொழிலாளர்களின் சிறுசேமிப்பைக் கொண்டு தோட்டங்களை வாங்கச் செய்தார். 1969க்குப் பிறகு குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை அனுமதி கட்டாயமானதும் பல்லாயிரம் பேர் இந்தியாவுக்குத் திரும்பினார்கள். இத்தனை அலைச்சலிலும் நாட்டில் தங்கியவர்கள் பெரும்பாலும் ஒரு லயத்திலிருந்து இன்னொரு லயத்துக்கே போனார்கள். அங்கும் ஒரு தமிழ்ப் பள்ளி இருந்தது. வீட்டை இழந்த பிள்ளைக்கும் தமிழ் படிக்க இடம் கிடைத்தது.

உண்மையான முறிவு அதன்பிறகு வந்தது. 1972இல் சுங்கைவே தடையற்ற வணிக வளாகம் தொடங்கியது. ஷா ஆலமிலும் கிள்ளானிலும் தொழிற்சாலைகள் பெருகின. ஆள் தேடி வந்த தொழிற்சாலைப் பேருந்துகளில் இளம்பெண்கள் ஏறிப் போனார்கள். ரப்பர் சாய்ந்து செம்பனை எழுந்தது, அதற்குக் குறைந்த கைகள் போதும், அந்தக் கைகளும் இந்தோனேசியாவிலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் வரத் தொடங்கின. பிறகு நிலமே வீட்டுமனையாயிற்று. 1980க்கும் 2000க்கும் இடையில் நாடு முழுவதும் ஏறத்தாழ மூன்று லட்சம் தோட்ட மக்கள் வெளியேறினார்கள் என்பது பரவலாக எடுத்தாளப்படும் மதிப்பீடு. கோல சிலாங்கூர்த் தோட்டத்து மக்கள் இஜோக், புக்கிட் ரோத்தான், 2007இல் பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாறிய பத்தாங் பெர்ஜுந்தை போன்ற பக்கத்து ஊர்களுக்கும், மேரு, காப்பார், கிள்ளான், சுங்கை பூலோ, ரவாங் என்று தொலைவான இடங்களுக்கும் போனார்கள். குடும்பமே வட்டாரத்தைத் தேர்ந்தெடுத்தது வரலாற்றில் அதுதான் முதல் முறை. அந்த முதல் தேர்வைச் செய்தபோது அவர்களிடம் சேமிப்பு இல்லை, அனுபவம் இல்லை, ஆலோசனை சொல்ல ஆளும் இல்லை.

தேர்வுகள் மூன்று விதமாக அமைந்தன. சிலர் கம்பங்கள் எனப்படும் நகர ஓரத்துப் புறம்போக்குக் குடியிருப்புகளில் பலகை வீடு கட்டினார்கள். முன்பே போன அண்ணனோ மாமாவோ காட்டிய இடம் அது, எனவே தமிழ் சூழ்ந்திருந்தது, ஆனால் பட்டா இல்லை, வெள்ளத்துக்கும் உடைப்பு அறிவிப்புக்கும் பாதுகாப்பு இல்லை. 2001 மார்ச்சில் கம்போங் மேடான் வட்டாரத்தில் நடந்த இன மோதலில் ஆறு பேர் இறந்தார்கள். தோட்டங்களிலிருந்து வந்து நெருக்கடியில் குடியமர்ந்த ஏழைகள் நிறைந்த பகுதி அது. சிலர் தாமான்களில் மலிவுவிலை வீடு வாங்கினார்கள். பத்திரம் கையில் இருந்தது, பள்ளி பத்துப் பதினைந்து கிலோமீட்டர் தள்ளி இருந்தது. மூன்றாவது வகையினர் தேர்வு செய்யவே இல்லை, மாற்று வீட்டுக்காகக் காத்திருந்தார்கள். வடசிலாங்கூரின் மேரி, நைஜல் கார்ட்னர், புக்கிட் தாகார், சுங்கை திங்கி, மின்யாக் ஆகிய ஐந்து தோட்டங்களின் முன்னாள் தொழிலாளர் குடும்பங்கள், இருநூறுக்கும் மேல், 1990களில் தரப்பட்ட வாக்குறுதிக்காக இருபது ஆண்டுகளுக்கு மேல் காத்திருந்தன. அவர்களுக்கான வீடமைப்புத் திட்டம் 2020களில்தான் உருப்பெற்றது. வீட்டுக்காகக் காத்திருந்த காலத்தில் ஒரு பிள்ளை பிறந்து, படித்து முடித்து, வேலைக்கே போயிருக்கும்.

பள்ளிகள் ஏன் மக்களோடு போகவில்லை? இதற்கான விடை நில உரிமையில் இருக்கிறது. தோட்டப் பள்ளி நின்ற நிலம் தோட்டத்துக்குச் சொந்தம். 1957க்குப் பிறகு ஆசிரியர் சம்பளத்தையும் பாடத்திட்டத்தையும் அரசு ஏற்றது, கட்டடமும் நிலமும் பழைய கணக்கிலேயே இருந்தன. இதனால் பெரும்பாலான தமிழ்ப் பள்ளிகள் பகுதி உதவிபெறும் பள்ளிகள் என்ற பிரிவில் நின்று, முழு உதவி பெறும் பள்ளிகளுக்குக் கிடைத்த கட்டட மானியத்தைப் பெறவில்லை. தோட்டம் விற்கப்பட்டால் பள்ளியும் கேள்விக்குறி. உரிமத்தை வேறு இடத்துக்கு மாற்றலாம். ஆனால் புதிய நிலம், மாநில அரசின் ஒப்புதல், கல்வி அமைச்சின் அனுமதி, கட்டட நிதி எல்லாம் கூடிவரப் பல ஆண்டுகள் பிடித்தன. மக்கள் ஆறு மாதத்தில் காலி செய்தார்கள். சுதந்திரத்தின்போது 888 ஆக இருந்த தமிழ்ப் பள்ளிகள் இன்று ஏறத்தாழ 530. இந்தக் குறைவு முழுவதையும் இழப்பாகக் கணக்கிடுவது சரியல்ல. ஓராசிரியர் பள்ளிகள் பல ஒன்றோடொன்று இணைக்கப்பட்டன, அது கல்விக்கு நல்லதே. ஆனால் எஞ்சியவை நிற்கும் இடத்தைப் பாருங்கள். கோல சிலாங்கூர் மாவட்டத்தில் பிரவுன்ஸ்டன், ராஜா மூசா, துவான் மீ, சுங்கை ரம்பை, தென்னமரம் என்று பள்ளிகள் தோட்டப் பெயரோடு தொடர்கின்றன. நாடெங்கும் இத்தகைய பள்ளிகள் பல, நூற்றைம்பது பேருக்குக் குறைவான மாணவர் பட்டியலில் இருக்கின்றன. புறநகர்த் தாமானில் பிள்ளை இருக்கிறது, பள்ளி இல்லை; செம்பனைக்கு நடுவில் பள்ளி இருக்கிறது, பிள்ளை இல்லை.

இந்த இடத்தில் வலுவான மறுப்பு ஒன்று எழுகிறது. லயத்தில் தமிழைக் காத்தது அருகாமை என்கிறீர்களே, அந்த அருகாமையே சிறைதானே? வெளியுலகம் அடைக்கப்பட்டதால் நின்ற மொழி அது. அடிமைத்தனத்தின் துணைவிளைவை முன்மாதிரியாக்கலாமா? இந்தக் கேள்வியின் நியாயத்தை நான் ஏற்கிறேன். தோட்டம் தமிழரை மலாய்க்காரர்களிடமிருந்தும் சீனர்களிடமிருந்தும் பிரித்து வைத்தது. அதே மாவட்டத்தின் தஞ்சோங் காராங், அடுத்த மாவட்டத்தின் செகிஞ்சான் ஆகிய நெல்வயல் கிராமங்களில் நடந்த வாழ்க்கை தோட்டத்துப் பிள்ளைக்கு வேற்றூராகவே இருந்தது. அந்தப் பிரிவினைக்கான விலையைத் தலைமுறைகள் கொடுத்தன. ஆனால் சிறையின் வேலியையும் சிறைக்குள் இருந்த அண்டை வீட்டையும் ஒன்றாகக் கருதத் தேவையில்லை. வேலையும் வீடும் ஒரே முதலாளியிடம் இருந்ததுதான் வேலி. பள்ளி நடக்கும் தூரத்தில் இருந்ததும், பத்து வீடுகளில் பிள்ளையோடு பேச ஆள் இருந்ததும் வேலியின் பகுதிகள் அல்ல. பத்திரமுள்ள சொந்த வீட்டில், மலாய் அண்டை வீட்டாரும் சீனக் கடைக்காரரும் உள்ள தெருவில், தமிழ்ப் பள்ளிக்கு அருகே இருபது தமிழ்க் குடும்பங்கள் வாழ்வதில் அடிமைத்தனம் எதுவும் இல்லை. இருபது வீடு போதும். ஊர் முழுவதும் நம்மவராக இருக்க வேண்டியதில்லை.

அடுத்த மறுப்பு மலாய்மொழி குறித்தது. தமிழ்ச் சூழலைத் தேடிப் போகும் குடும்பத்தின் பிள்ளை தேசிய மொழியில் பின்தங்கும், இடைநிலைப் பள்ளியில் திணறும் என்கிறார்கள். தோட்டக் காலத்துக்கு இது பொருந்தும். மலாயே கேட்காமல் வளர்ந்த பிள்ளை ஆறாம் ஆண்டுக்குப் பின் புகுமுக வகுப்பில் ஒரு வருடம் செலவழித்தது, பலர் அந்த வருடத்தோடு படிப்பை விட்டார்கள். இன்றைய தாமானில் நிலைமை தலைகீழ். மலாய் தேசிய வகைத் தமிழ்ப் பள்ளியிலேயே கட்டாயப் பாடம். அது தெருவிலும் திடலிலும் மருத்துவமனையிலும் கடையிலும் தானாக வந்து சேர்கிறது. இடைநிலைப் பள்ளி முழுவதும் அதில்தான். எந்த மொழி தானாக வருமோ அதற்காக வட்டாரம் தேட வேண்டியதில்லை. தானாக வராத மொழிக்குத்தான் இடம் பார்க்க வேண்டும். 1951இல் பார்ன்ஸ் அறிக்கை தமிழ், சீனப் பள்ளிகளைக் கைவிட்டு மலாயும் ஆங்கிலமும் கொண்ட தேசியப் பள்ளியைப் பரிந்துரைத்தபோதும், அதைத் தமிழர்கள் எதிர்த்தபோதும், விவாதம் முழுவதும் பள்ளியைப் பற்றியே நடந்தது. வீடுகள் எங்கே அமையும் என்ற கேள்வி எழவே இல்லை. சட்டத்தில் பள்ளியைக் காப்பாற்றிய சமூகம், பள்ளிக்குப் பக்கத்தில் வீட்டு நிலத்தைக் காப்பாற்றத் தவறியது.

ஏழைக் குடும்பத்துக்குத் தேர்வு ஏது என்பார்கள். மாதத் தவணை கட்ட முடிந்த இடத்தில்தான் வீடு. உண்மைதான், ஆனால் ஒரே விலையில் பல தாமான்கள் இருந்தன, இருக்கின்றன. புஞ்சாக் ஆலாமும் சுங்கை பூலோ புறநகர்களும் விரிந்தபோது, ஒரே தோட்டத்து மக்கள் கலந்து பேசி ஒரே கட்டத்தில் வீடு எடுத்த இடங்களில் கோயிலும் வந்தது, பள்ளி வேனுக்குப் போதுமான பிள்ளைகளும் சேர்ந்தார்கள். தனித்தனியாகச் சிதறியவர்கள் ஒவ்வொருவரும் அதே விலையைக் கொடுத்து, வேன் வராத தெருவில் இருந்தார்கள். வேன் கட்டணம் மூன்று பிள்ளைகளுக்கு என்று பெருகியபோது, மூன்றாவது பிள்ளையை நடக்கும் தூரத்துத் தேசியப் பள்ளியில் சேர்த்தார்கள். அந்தக் குடும்பம் தமிழைக் கைவிட முடிவெடுத்ததாக யாரும் குற்றம் சாட்ட முடியாது. அந்த முடிவு வீடு வாங்கிய நாளிலேயே எடுக்கப்பட்டுவிட்டது, அவர்கள் அறியாமலே.

வானொலியும் தொலைக்காட்சியும் கைப்பேசியும் இருக்கும்போது தெரு எதற்கு என்ற கேள்வி புதியது. 1996 முதல் அஸ்ட்ரோவின் தமிழ் அலைவரிசை வீட்டுக்குள் இருக்கிறது, மின்னல் பண்பலை நாள்முழுதும் ஒலிக்கிறது. கேட்கும் மொழி இவற்றால் பிழைக்கிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். மொழிச் சிதைவையும் மீட்பையும் வாழ்நாளெல்லாம் ஆய்ந்த ஜோசுவா ஃபிஷ்மன் 1991இல் வெளியிட்ட நூலில், வீடும் குடும்பமும் அண்டையும் சேர்ந்த வட்டத்தில் மொழி அடுத்த தலைமுறைக்குக் கைமாறாவிட்டால் ஊடகமும் அரசு ஆதரவும் அதை ஈடுகட்டாது என்று வாதிட்டார். தெற்கே சிங்கப்பூர் இதற்குப் பக்கத்துச் சாட்சி. தமிழ் அங்கே ஆட்சிமொழி, தொலைக்காட்சியும் நாளிதழும் உண்டு. ஆனால் 1982இல் உமறுப் புலவர் தமிழ் உயர்நிலைப் பள்ளி மூடப்பட்டது. 1989 முதல் அடுக்குமாடி வீடுகளில் ஒவ்வோர் இனத்துக்கும் விழுக்காட்டு வரம்பு வந்தது. இன நல்லிணக்கத்துக்காக எடுத்த அந்த முடிவை நான் குறை சொல்லவில்லை. இந்தியர் வீடுகளில் தமிழின் இடத்தை ஆங்கிலம் பிடித்துவருவதை அந்நாட்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்புகள் காட்டுகின்றன. சிங்கப்பூர்த் தமிழருக்குப் பக்கம் பக்கமாகக் குடியிருக்கும் தேர்வு சுருங்கிவிட்டது. மலேசியாவில் அது இன்னும் சட்டப்படி திறந்திருக்கிறது.

எனவே வீடு பார்க்கப் போகும் பெற்றோருக்கு என் வேண்டுகோள்: முன்பணம் கட்டுவதற்கு முன் பக்கத்துத் தமிழ்ப் பள்ளிக்கு ஒரு முறை போய்வாருங்கள். முதலாம் ஆண்டில் எத்தனை பிள்ளைகள், எந்தத் தாமான்களிலிருந்து வருகிறார்கள், வேன் எதுவரை போகிறது என்று தலைமையாசிரியரிடம் கேளுங்கள். தனியாக வாங்காதீர்கள், அண்ணன் தம்பி, பழைய லயத்து அண்டை வீட்டார், கோயில் குழுவினர் எனப் பத்துக் குடும்பங்களாவது பேசி ஒரே இடத்தில் எடுங்கள். அரசுக்குச் சொல்ல வேண்டியது வேறு: புதிய குடியிருப்புக்கு ஒப்புதல் தரும்போதே தமிழ்ப் பள்ளிக்கான நிலத்தையும் ஒதுக்குங்கள், ஆளில்லாத தோட்டத்துப் பள்ளியின் உரிமத்தை மக்கள் குடியேறும் அதே ஆண்டில் மாற்றுங்கள். பெட்டாலிங் ஜெயாவில் எஃபிங்ஹாம், சீபோர்ட், பூச்சோங்கில் காசல்ஃபீல்டு என்று தோட்டம் மறைந்த பிறகும் அதன் பெயரில் தமிழ்ப் பள்ளிகள் நகரத்து நடுவில் இயங்குகின்றன. கோல சிலாங்கூரிலும் அதைச் செய்ய முடியும்.